கான்ஃபரன்ஸுக்கும் ப்ராஜெக்டுக்கும் காசு கேட்பது எப்படி: கல்லூரி மாணவர்களுக்கு

கான்ஃபரன்ஸுக்கு அனுப்பிய ஆய்வுப் பேப்பர் ஏற்கப்பட்டது என்று மெயில் வந்ததும் முதல் அரை மணி நேரம் கால் தரையில் நிற்காது. அப்புறம் ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம் எவ்வளவு என்று பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். வீட்டில் கேட்கத் தயக்கம், ஹெச்.ஓ.டி.யிடம் போய் நின்றால் "ஃபண்ட் எல்லாம் இல்லப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அவர் சொல்வது பாதி உண்மை. பணம் இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் முழுசாக இல்லை, கேட்ட வாரத்திலேயே கைக்கு வருவதும் இல்லை. நாலு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் முதலில் நீங்கள் செலவழித்துவிட்டு, பில் கொடுத்துத்தான் திரும்ப வாங்க வேண்டும். இந்த ரெண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் காகித வேலைதான்.

முதலில் உங்கள் கல்லூரிக்குள்ளேயே கேளுங்கள். துறையின் அசோசியேஷன் கணக்கில் கொஞ்சம் இருக்கும், முன்னாள் மாணவர் சங்கத்தில் இருக்கும், தன்னாட்சிக் கல்லூரி என்றால் ஆராய்ச்சிக்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்கியிருக்கலாம். நேரே முதல்வர் அறைக்குப் போகாமல், ரிசர்ச் டீன் அல்லது ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் தரத்தைக் கவனிக்கும் உள்பிரிவு) ஒருங்கிணைப்பாளர் யார் என்று விசாரித்து அவரிடம் முதலில் பேசுங்கள். காரணம் எளிது. கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் ஆராய்ச்சியும் பார்க்கப்படுகிறது, அந்த அறிக்கைக்குத் தகவல் திரட்டுகிற ஆள் அவர். உங்கள் பேப்பர் அவருக்கும் உபயோகமானது. ஆகவே பிச்சை கேட்பதுபோலக் குறுகிக்கொண்டு போக வேண்டியதில்லை.

ஆனால் கடிதம் ஒழுங்காக இருக்க வேண்டும். "தாங்கள் பெரிய மனது வைத்து ஏழை மாணவனாகிய எனக்கு" என்று ஆரம்பித்து, எவ்வளவு வேண்டும் என்றே சொல்லாமல் முடிகிற கடிதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதை வாங்கி வைப்பவர் என்ன செய்வார் பாவம், ஃபைலில் போட்டுவிடுவார். இப்படி எழுதுங்கள்: "மூன்றாம் ஆண்டு இயற்பியல் படிக்கிறேன். மார்ச் 12 முதல் 14 வரை ஹைதராபாத்தில் நடக்கும் மாநாட்டில் போஸ்டர் வைக்க என் ஆய்வு தேர்வாகியிருக்கிறது. மொத்தச் செலவு 14,200 ரூபாய். மாநாட்டுக் குழு 5,000 தருகிறது, 3,000 நான் போட்டுக்கொள்கிறேன், மீதி 6,200 ரூபாயைத் தந்து உதவக் கேட்டுக்கொள்கிறேன்." கீழே கணக்கு: ரெஜிஸ்ட்ரேஷன் 5,500, மதுரையிலிருந்து போக வர ரயில் 3,400, மூன்று இரவு அறை 3,600, சாப்பாடு 1,000, போஸ்டர் அச்சடிக்க 700. அவ்வளவுதான். தொகை இப்படி உடைந்து தெரிந்தால், முழுசாகத் தர முடியாதவர்கூட "சரி, ரெஜிஸ்ட்ரேஷனை நாங்கள் கட்டிவிடுகிறோம்" என்று ஒரு வரியைப் பிடித்துக்கொள்வார். வேறு இடத்திலும் கேட்டிருக்கிறேன் என்பதை மறைக்கவே மறைக்காதீர்கள். ஒரே ரயில் டிக்கெட்டுக்கு ரெண்டு இடத்தில் பணம் வாங்கியது தெரிந்தால் உங்களுக்கு மட்டுமல்ல, அடுத்த வருட ஜூனியருக்கும் கதவு சாத்தப்படும்.

மாநாட்டுக் குழுவிடம் கேட்பதைத்தான் நம் பிள்ளைகள் அநேகமாக மறந்துவிடுகிறார்கள். உருப்படியான கான்ஃபரன்ஸ் எதுவானாலும் அதன் தளத்தில் மாணவர் பயண உதவி, கட்டணச் சலுகை என்று ஏதோ ஒரு பக்கம் ஓரமாக இருக்கும். இல்லாவிட்டாலும் ஒருங்கிணைப்பாளருக்கு நாலு வரி மெயில் போடுங்கள், கட்டணத்தைக் குறைத்துக் கேட்பதில் அவமானம் ஒன்றும் கிடையாது. தன்னார்வலராகச் சேர்வது இன்னொரு வழி. கம்ப்யூட்டர் துறையினரின் சர்வதேசச் சங்கமான ஏ.சி.எம். நடத்தும் பெரிய மாநாடுகள் சிலவற்றில், 20 மணி நேரம் போல அரங்கில் வேலை பார்த்துக் கொடுத்தால் ரெஜிஸ்ட்ரேஷன் இலவசம். மைக் கொண்டுபோய்க் கொடுப்பது, பேட்ஜ் ஸ்கேன் செய்வது, இப்படி. பேப்பர் வாசிப்பவரைவிடத் தன்னார்வலருக்குத்தான் அறிமுகங்கள் அதிகம் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

கம்ப்யூட்டர் படிக்கும் பெண்களுக்கு ஒரு சேதி: அதே ஏ.சி.எம்.மின் பெண்கள் பிரிவான ஏ.சி.எம்.-டபிள்யூ தரும் உதவித்தொகையில் சொந்தக் கண்டத்துக்குள் பயணம் என்றால் 600 டாலர் வரையும், கண்டம் தாண்டினால் 1,200 டாலர் வரையும் தருகிறார்கள். பேப்பர் வாசிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, போய்க் கேட்டுவிட்டு வரலாம். இளங்கலை மாணவிகளும் விண்ணப்பிக்கலாம். இது தெரியாமலேயே நாலு வருடம் படித்து முடித்தவர்கள் எத்தனையோ பேர்.

வெளிநாட்டில் பேப்பர் வாசிக்கப் போகும் பிஎச்.டி. மாணவர்கள் நாடுவது மத்திய அரசின் சர்வதேசப் பயண உதவியை, அதாவது ஐ.டி.எஸ். திட்டத்தை. செர்ப் என்ற மத்திய அரசின் ஆராய்ச்சி வாரியம் நடத்திவந்த திட்டம் அது. புது அமைப்புக்கென்று 2023-ல் சட்டம் வந்து, அடுத்த வருடம் செர்ப் முழுக்க அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது. ஆகவே சீனியரிடம் பழைய படிவத்தை வாங்கி நிரப்பிக்கொண்டிருக்காமல் புதுத் தளத்தில் இப்போதைய அறிவிப்பைப் படியுங்கள். எகானமி வகுப்பு விமானக் கட்டணம்தான் இதில் பெரிய தொகை. ஒரு எச்சரிக்கை: அரசுப் பணத்தில் பறப்பவர்கள் எங்கே வேண்டுமானாலும் டிக்கெட் போட முடியாது. மத்திய அரசு ஊழியர்கள் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. என்ற மூன்று டிக்கெட் ஏஜென்சிகளில் ஒன்றின் வழியாகத்தான் போட வேண்டும் என்று 2022-ல் உத்தரவே வந்தது. பணம் தர ஒப்புக்கொண்டு வரும் உங்கள் சாங்ஷன் ஆர்டரிலும் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் போனைத் திறங்கள். ஏதோ ஒரு ஆப்பில் ஆயிரம் ரூபாய் குறைவு என்று போட்டுவிட்டு மொத்தத்தையும் இழக்காதீர்கள்.

இயற்பியல், கணிதம் படிப்பவர்கள் இத்தாலியின் ட்ரியெஸ்டே நகரில் இருக்கும் ஐ.சி.டி.பி. என்ற சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964-ல் அதைத் தொடங்கியதே வளரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்காகத்தான். அங்கே நடக்கும் பயிலரங்குகளுக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது, தேர்வாகிறவர்களில் சிலருக்குப் பயணச் செலவும் தருவார்கள்.

இளங்கலை, முதுகலை மாணவர்களுக்கு ப்ராஜெக்டுக்கான பணம் தனி. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் வருடா வருடம் இறுதியாண்டு மாணவர் ப்ராஜெக்டுகளுக்கு உதவி தருகிறது. தொகை சில ஆயிரங்கள்தான், விண்ணப்பம் துறைத்தலைவர், முதல்வர் கையெழுத்தோடு போக வேண்டும், பணமும் கல்லூரி வழியாகத்தான் வரும். சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். பின்னால் பெரிய இடத்தில் கேட்கும்போது "ஏற்கெனவே ஒரு நிதி வாங்கிக் கணக்கை ஒழுங்காக முடித்திருக்கிறேன்" என்று எழுத முடிவது பெரிய பலம்.

இந்த விண்ணப்பங்கள் விழுவது பெரும்பாலும் தலைப்பிலேயேதான். "நொய்யல் நீர் மாசு பற்றி ஓர் ஆய்வு" என்று போட்டால் படிப்பவருக்கு அதே தலைப்பில் பத்தாவது விண்ணப்பம் அது. "ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே மூன்று கிணறுகளில், ஜனவரி முதல் மார்ச் வரை மாதம் இரு முறை, உப்பும் குரோமியமும் எவ்வளவு" என்று போட்டுப் பாருங்கள். மூன்று கிணறு, ஆறு முறை, 18 பாட்டில் தண்ணீர். ஒரு பாட்டிலுக்கு லேப் கட்டணம் எவ்வளவு, ஆறு முறை போய்வர பஸ் செலவு எவ்வளவு என்று பட்ஜெட் தானாக வந்து விழுந்துவிடும், இந்தப் பிள்ளைகளால் இதை முடிக்க முடியும் என்று படிப்பவருக்கும் நம்பிக்கை வரும். லேப்டாப், பிரிண்டர் என்று கேட்டால் பொதுவாக எடுபடாது. கெமிக்கல், சென்சார், பரிசோதனைக் கட்டணம், களப்பயணம் என்று ஆய்விலேயே செலவாகித் தீர்ந்துபோகிற சங்கதிகளைக் கேளுங்கள்.

கோடை விடுமுறையில் ஒரு நல்ல லேபில் இரண்டு மாதம் உட்கார வேண்டும் என்றால் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் கோடை ஆராய்ச்சி ஃபெலோஷிப் இருக்கிறது. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் இருக்கும் அகாடமிகள் அவை. மே மாதத்துக்கான விண்ணப்பம் முந்தின நவம்பரிலேயே முடிந்துவிடுவது வழக்கம், ஏப்ரலில் செமஸ்டர் பரீட்சைக்கு நடுவில் வந்து கேட்பவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

தேதிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். மாநாட்டுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா என்றால் ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். ஆனால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு, ஆகவே 15 நாள் என்பதை நம்பி உட்காராதீர்கள். 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ, அதோடு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். செலவை யார் ஏற்கிறார்கள் என்று தூதரகம் கேட்கும், அதற்கு சாங்ஷன் லெட்டர் வேண்டும். சாங்ஷன் லெட்டருக்கு ஏற்பு மெயில் வேண்டும். ஏற்பு மெயிலோ பல சமயம் மாநாட்டுக்கு இரண்டரை மாதம் முன்புதான் வரும். இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழி, ஏற்பு வருவதற்கு முன்பே மற்ற எல்லாவற்றையும் தயாராக வைப்பதுதான்: பாஸ்போர்ட், போனஃபைட் சர்டிஃபிகேட், கைடின் பரிந்துரைக் கடிதம், கடைசி நாளில் சீல் போட ஆள் இல்லாத அந்த ஃபார்வர்டிங் லெட்டர். எந்தக் கிளர்க் எந்த நாளில் லீவு என்பதுகூடத் தெரிந்திருப்பது நல்லது, விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பணம் கேட்கும் முன் அது உண்மையான மாநாடுதானா என்று பாருங்கள். அனுப்பிய அன்றே ஏற்பு, வாட்ஸாப்பில் "ஸ்கோபஸ் உறுதி" (ஸ்கோபஸ் என்பது ஆய்வுக் கட்டுரைகளின் சர்வதேசப் பட்டியல்), ஒரே ஹோட்டலில் ஒரே நாளில் பல் மருத்துவம் முதல் பாலம் கட்டுவது வரை பத்துக் கான்ஃபரன்ஸ் என்றால் அது கடை, மாநாடு இல்லை. நிகழ்ச்சிக் குழுவில் பெயர் போட்டிருக்கும் பேராசிரியர் ஒருவருக்கு மெயில் போட்டு "நீங்கள் இதில் இருக்கிறீர்களா சார்" என்று கேட்டாலே பல சமயம் குட்டு உடைந்துவிடும்.

போஸ்டர் பெரும்பாலும் ஏ0 அளவு கேட்பார்கள், 84 செ.மீ.க்கு 119 செ.மீ. கல்யாண ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையிலேயே அடிக்கலாம், மலிவு. ஆனால் மடித்தால் மடிப்பில் கோடு விழுந்து கிராஃப் நடுவில் வெடித்துப்போகும், சுருட்டித்தான் கொண்டுபோக வேண்டும். கடைக்காரரிடம் ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள், துண்டுச்சீட்டில் எழுதித் தருவதை அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் வாங்காது.

பில் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் முறை டெல்லி போனபோது போர்டிங் பாஸ் போனில்தான் இருந்தது. ஊர் திரும்பி ரெண்டு வாரம் கழித்து க்ளெய்ம் போட்டபோது அதைக் கேட்டார்கள், ஆப்பில் அது மறைந்துபோயிருந்தது. டிக்கெட் இருக்கிறது, மாநாட்டின் வருகைச் சான்று இருக்கிறது, மேடையில் நிற்கும் போட்டோ இருக்கிறது, ஆனால் "விமானத்தில்தான் போனீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்" என்று எதிரில் இருந்தவர் கேட்டார். எரிச்சலாக இருந்தது, ஆனால் ஆடிட்டில் அவரைத்தான் கேட்பார்கள். விமான நிறுவனத்துக்கு மெயில் மேல் மெயில் போட்டுப் பயணச் சான்று வாங்கிக் கொடுத்து, பணம் வர மூன்று மாதம் ஆனது, அதுவரை அக்கா கொடுத்த கடன்தான். இப்போதெல்லாம் விமான நிலையத்திலேயே காகிதத்தில் அடித்து வாங்கிவிடுகிறேன், ஏறி உட்கார்ந்ததும் அதை ஒரு போட்டோவும் எடுத்துவிடுகிறேன்.

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கிக்கொள்ளுங்கள். ரெஜிஸ்ட்ரேஷன் ரசீது, டிக்கெட், போர்டிங் பாஸ், அறை பில், வருகைச் சான்று எல்லாம் அன்றன்றைக்கே அதில் போக வேண்டும். வெப்பத்தாளில் அடித்த பில்லை உடனே ஜெராக்ஸ் எடுங்கள், நாள்பட எழுத்து மங்கி மறைந்துவிடும். திரும்பியதும் ஒரு பக்க அறிக்கையோடு ஒரு வாரத்துக்குள் செட்டில்மென்ட் கொடுத்துவிடுங்கள். ப்ராஜெக்ட் நிதி என்றால் கடைசியில் யூ.சி., அதாவது பணத்தைச் சொன்னபடி செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்று, கொடுக்க வேண்டும், மத்திய அரசுப் பணத்துக்கு அந்தப் படிவத்தின் பெயர் ஜி.எஃப்.ஆர். 12-ஏ. செலவாகாமல் மிஞ்சிய தொகை 340 ரூபாயாக இருந்தாலும் அதையும் காட்டித் திருப்பிக் கட்டுங்கள். எல்லாவற்றிலும் ரெண்டு செட் நகல் எடுங்கள். ஒன்று உங்களுக்கு, இன்னொன்று அடுத்த வருடம் "அண்ணா, எப்படி அப்ளை பண்ணீங்க" என்று வந்து நிற்கப்போகிற ஜூனியருக்கு.