டயல் பூட்ஸில் மணல் ஏறினால்

தென்னாப்பிரிக்காவின் ட்ராக்கென்ஸ்பெர்க் மலைத்தொடரில் சென்டினல் பாதை வழியாகப் போய், சங்கிலி ஏணிகளில் தொங்கி ஏறி, துகேலா அருவியின் உச்சியைப் பார்த்துவிட்டு டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினால், பூட்ஸில் லேஸுக்குப் பதிலாக இருக்கும் மெல்லிய கம்பியைத் திருகி இறுக்கும் டயல் கரகரவென்று சத்தம் போடுகிறதே தவிர இறுகவில்லை. கடையில் “புதுசு வாங்கிடுங்க அண்ணே” என்று சுலபமாகச் சொல்லிவிட்டார்கள்.

டயலை மேலே இழுத்துக் கம்பியை முழுக்கத் தளர்த்தினேன். வெதுவெதுப்பான தண்ணீர்க் குழாயின் கீழே பிடித்துக்கொண்டு டயலை அமுக்கி, திருகி, மறுபடி இழுத்து என்று விடாமல் ஆட்ட, விளிம்பு வழியாகக் கறுப்பு மணல் கசிந்து வந்தது. இடுக்குகளுக்குப் பழைய பல் துலக்கி. எண்ணெய் மட்டும் வேண்டாம், அது இன்னும் தூசியைப் பிடித்து வைக்கும். அப்புறம் கம்பி வளையும் இடங்களை விரலால் தடவிப் பார்த்தேன், ஓர் இழைகூடப் பிரியவில்லை.

இந்த டயல் 2001-இல் பனிச்சறுக்குப் பலகை (ஸ்னோபோர்டு) பூட்ஸ்களுக்காக வந்தது, கையுறையோடு திருகலாம். நடக்கும்போது கால் வீங்கினால் நொடியில் தளர்த்தலாம், அது பெரிய வசதி. ஆனால் ஒற்றை டயல் என்றால் விரல் பக்கமும் கணுக்காலும் ஒரே இறுக்கம்தான். இழுத்துப் பூட்டும் மெல்லிய கயிற்றிலும் இதே குறை, ஆனால் மணலுக்குச் சிக்க அதில் பல்சக்கரம் கிடையாது. சாதாரண லேஸில் நடுவில் இரட்டைச் சுற்று முடிச்சு போட்டால் மேலும் கீழும் வெவ்வேறு இறுக்கம் வைக்கலாம். அறுந்தாலும் எந்தக் கயிறாவது போதும். தூர மலைக்கு நான் இன்னும் லேஸ் கட்சிதான்.