கொடுவா ஏமாற்றுகிறதா? லூரை மாற்றும் முன் தண்ணீரைப் பாருங்கள்

ஒரு நாள் மூன்று கொடுவா கிடைக்கும். அடுத்த பத்து நாளைக்கு ஒன்றுகூடத் தொடாது. உடனே கை லூர் (மீன் போல ஆடும் செயற்கை இரை) பெட்டிக்குப் போகும்: புது நிறம், புது அளவு, யாரோ வீடியோவில் காட்டிய புது மாடல். பெரும்பாலும் கோளாறு அங்கே இல்லை. ஓடாத தண்ணீரில், மீன் நிற்காத இடத்தில், மழுங்கிய தூண்டில் முள்ளோடு மணிக்கணக்கில் வீசுவதுதான் கோளாறு. கடலூர்ப் பக்கம் கெடிலம், உப்பனாறு, தென்பெண்ணை முகத்துவாரங்களிலும், புதுச்சேரிப் பக்கம் அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு ஓரங்களிலும் கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். முதலில் தண்ணீர், அடுத்து இடம், அதற்கடுத்து இரை, கடைசியில்தான் ராடும் (தூண்டில் கம்பு) ரீலும் (நரம்பு சுற்றும் உருளை). இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பதால்தான் வெறுங்கையோடு திரும்பும் நாட்கள் கூடுகின்றன.

கொடுவா வஞ்சிரம் மாதிரி நீந்திக்கொண்டே வேட்டையாடுகிற மீன் இல்லை. பாலத்தூண், கருங்கல், சுரபுன்னை வேர், முங்கிக் கிடக்கும் மரம் இவற்றின் மறைவில், ஓட்டம் வரும் திசையைப் பார்த்து நிற்கும். ஓட்டம் இழுத்துக்கொண்டு வரும் இறாலோ மடவைக் குஞ்சோ வாய்க்கு நேரே வந்ததும் வாயை அகலத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். ஓட்டம் நின்றால் இரை வராது. இரை வராவிட்டால் கொடுவாவும் அசையாது.

ஏற்றமும் வற்றமும்

நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த வற்றத்துக்குச் சுமார் 6 மணி நேரம் ஆகும். குஜராத் கரையில் கடல் பல மீட்டர் ஏறி இறங்கும்; கடலூரிலும் புதுச்சேரியிலும் பெரும்பாலான நாட்களில் அது ஒரு மீட்டருக்குள்தான். அதனால் இங்கே நல்ல ஓட்டம் இருக்கும் நேரமும் குறைவு. அந்த நேரத்தைத் தவறவிட்டால் அன்றைக்கு லூரை மாற்றி மாற்றிப் போட்டும் பலன் இருக்காது.

நாங்கள் முதலில் சொல்வது வற்றத்தின் நடு இரண்டு மணி நேரத்தை. தண்ணீர் இறங்க இறங்க, சுரபுன்னைக்குள்ளும் சின்ன வாய்க்கால்களுக்குள்ளும் ஒளிந்திருந்த குஞ்சு மீனும் இறாலும் வேறு வழியில்லாமல் ஆற்றுக்கு வந்தாக வேண்டும். அடுத்த நல்ல நேரம், வற்றம் முடிந்து ஏற்றம் பிடிக்கும் முதல் ஒரு மணி நேரம். இந்த நேரம் விடியலோடோ பொழுது சாயும் வேளையோடோ சேர்ந்து வந்தால் வேறு வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு வாருங்கள்.

நேரத்தைக் கணக்கிடப் பெரிய வித்தை தேவையில்லை. நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒரு நாள் ஏற்றம் எத்தனை மணிக்கு நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அது ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். பதினைந்து நாளில் சுற்றி வந்து பழைய நேரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். அதனால் அமாவாசைக்குக் குறித்த நேரம் பௌர்ணமிக்கும் கிட்டத்தட்டப் பொருந்தும். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் திதி பார்த்தாலே போதும். அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாட்களில் ஓட்டம் மிகப் பலமாக இருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஆற்றின் உட்பகுதியில் தண்ணீர் நகர்வதே தெரியாது. அந்த நாட்களில் உள்ளே போகாமல் முகத்துவாரத்தை ஒட்டியே நில்லுங்கள்.

செல்போன் செயலி காட்டுவது கடலோர நேரம். இதில் பலர் ஏமாறுகிறார்கள். கடலில் ஏற்றம் முடிந்த பிறகும் ஆற்றுக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளித் தண்ணீர் இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். எவ்வளவு தாமதம் என்பது ஆற்று வாயின் அகலம், மணல் திட்டு, மழைத் தண்ணீர் இவற்றைப் பொறுத்தது. அதனால் போனதும் ஒரு தேங்காய் நார்த் துண்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். 10 அடி நகர 10 முதல் 20 வினாடி எடுத்தால் நல்ல ஓட்டம். ஒரு நிமிடம் ஆகியும் நகரவில்லை என்றால் டீ குடித்துவிட்டு வரலாம். 5 வினாடிக்குள் ஓடிவிட்டால் ஓட்டம் மிஞ்சிவிட்டது. மீன் தூணுக்கோ கல்லுக்கோ நேர் பின்னால் ஒட்டி நிற்கும், அங்கே மட்டும் போடுங்கள்.

வெயில் காலத்தில் சில ஆற்று வாய்களை மணல் அடைத்துவிடும். தாழங்குடாப் பக்கம் தென்பெண்ணைக்குப் போகிறவர்கள் முதலில் வாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் உள்ளே ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. கடலூர் துறைமுக வாய்க்குப் போய்விடுவது மேல்.

எங்கே நிற்கும்

தண்ணீர் ஓடும் இடமும் ஓடாத இடமும் உரசும் கோடு ஒன்று இருக்கும். நுரையும் குப்பையும் வரிசையாக மிதந்து போவதை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம். கொடுவா ஓடாத பக்கம் நின்றுகொண்டு ஓடும் பக்கத்தைப் பார்க்கும். இரையை அது நிற்கும் இடத்தின் தலைமேல் போடக்கூடாது. ஓட்டம் வரும் பக்கமாக நாலைந்து மீட்டர் தள்ளிப் போட்டு, ஓட்டமே அதை மீனிடம் கொண்டு போகும்படி விட வேண்டும். ஓட்டத்துக்கு எதிராக நீந்தி வரும் சின்ன மீனைக் கொடுவா அவ்வளவாக நம்புவதில்லை.

இரவில் பாலத்து விளக்கு தண்ணீரில் நிழல் கோடு போடும். மீன் நிழலுக்குள் இருக்கும், வெளிச்சத்தைப் பார்த்திருக்கும். வெளிச்சத்தில் போட்டு நிழலுக்குள் மிதந்து போக விடுங்கள். டார்ச்சைத் தண்ணீர்மேல் அடிக்காதீர்கள். அடித்தால் கொடுவாவின் கண் சிவப்பாக மின்னுவது தெரியும், ஆனால் அந்த மீன் அதற்குப் பிறகு கடிக்காது.

ஐப்பசியில் முதல் மழை பெய்து வயலும் குட்டையும் நிரம்பி வாய்க்கால் வழியாக ஆற்றில் விழும் நாட்கள் அருமையானவை. மதகு வாயில், கலங்கல் தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் சேரும் விளிம்பில் போடுங்கள். வெள்ளம் முழுதாக இறங்கி ஆறு செம்மண் நிறமானால் உள்ளே வேலையில்லை. இரையெல்லாம் முகத்துவாரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும், ஆனால் அங்கே இழுப்பும் அதிகம், தண்ணீரில் கால் வைக்காதீர்கள். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று அடிக்கும் காலையில் மீன் மந்தமாக இருக்கும். அப்போது மத்தியானத்துக்கு மேல் போவது நல்லது, இரையையும் இன்னும் மெதுவாக ஓட்டுங்கள்.

தெளிவு பார்க்க ராடு நுனியைத் தண்ணீரில் விடுங்கள். ஒரு சாண் ஆழத்திலேயே மறைந்துவிட்டால் உயிர் இரை போடுங்கள், அல்லது கறுப்பு போன்ற அடர்நிற லூர். மூன்று சாண் வரை தெரிந்தால் மடவை நிறத்தில் வெளிர் லூர், கொஞ்சம் மெல்லிய லீடர் (முள்ளுக்கு முன்னால் கட்டும் தனி நரம்புத் துண்டு).

பிச்சாவரத்தில் கொடுவா உண்டு, ஆனால் அது வனத்துறையின் பகுதி. அனுமதியில்லாமல் ராடு எடுத்துப் போகாதீர்கள். மற்ற இடங்களில் மீனவர்கள் வலை விட்டிருந்தால், “அண்ணே, வலை எதுவரைக்கும் இருக்கு?” என்று கேட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அவர்களுக்கு அது பிழைப்பு.

இரை

உயிர் இரையில் 10 முதல் 12 செ.மீ. மடவைக் குஞ்சும், விரல் நீள இறாலும் முதல் இடம். வாளியில் ஏழெட்டுக்கு மேல் போடாதீர்கள். மீன் தொட்டிக்குப் போடும் சின்ன பேட்டரி காற்று மோட்டாரை ஓட விடுங்கள். அரை மணிக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஆற்றுத் தண்ணீரையே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் இரையைக் கொன்றுவிடும். உப்புத் தண்ணீரில் பிடித்த இரையைத் திடீரென்று நல்ல தண்ணீரில் போட்டாலும் சோர்ந்துவிடும். செத்த மடவையை எடுத்தெறிந்துவிட்டுப் புதிதை மாட்டுங்கள். துடிக்கிற இரைக்கும் துடிக்காத இரைக்கும் இடையே உள்ள வித்தியாசம் எந்த விலையுயர்ந்த ராடிலும் கிடைக்காது.

ஓட்டத்தில் போடும்போது மடவையின் மேலுதட்டில் முள்ளை மாட்டுங்கள். தக்கை கட்டி நிறுத்திப் போடுவதானால் முதுகுத் துடுப்புக்குப் பின்னால். இறாலில் தலைக்கொம்புக்கு அடியில், உள்ளே தெரியும் கறுப்புப் புள்ளிக்கு முன்னால் குறுக்காக மாட்ட வேண்டும். அந்தப் புள்ளியில் பட்டால் இறால் அங்கேயே செத்துவிடும்.

கட்டும் முறை எளிது. ரீலிலிருந்து வரும் மெயின் நரம்பில் துளையிட்ட ஈயக்குண்டைக் கோத்து, சுவிவல் (சுழலும் இணைப்பு வளையம்) கட்டி, அதிலிருந்து 60 செ.மீ. லீடர், நுனியில் 4/0 அல்லது 5/0 அளவு சர்க்கிள் முள் (நுனி உள்பக்கம் வளைந்த முள்). இறாலுக்கு 2/0 போதும். ஈயத்தின் எடை 10 முதல் 40 கிராம் வரை, ஓட்டத்தைப் பொறுத்தது. குண்டு தரையில் ஆணி அடித்தது போல நிற்கக் கூடாது, மெதுவாக உருண்டு நகர வேண்டும். எடை கூடினால் மீன் இரையை இழுத்ததுமே சுமையை உணர்ந்து துப்பிவிடும்.

லூரா, உயிர் இரையா என்று கேட்டால், புதிதாகத் தொடங்குகிறவர் உயிர் இரையோடு ஓட்டத்தைப் படிக்கட்டும் என்போம். லூருக்கு வந்தால் இரண்டே போதும்: 4 அங்குல வால் ஆட்டும் ரப்பர் மீன் 10 முதல் 14 கிராம் ஜிக் ஹெட்டில் (ஈயத் தலை வைத்த முள்), 9 முதல் 12 செ.மீ. முங்கும் கட்டை மீன் (மீன் வடிவக் கெட்டி லூர்) ஒன்று. இந்த இரண்டையும் ஒரு மாதம் மாற்றாமல் போட்டுப் பழகுங்கள். எல்லோரும் செய்யும் தப்பு வேகமாகச் சுற்றுவது. ரீலை மூன்று சுற்று சுற்றி, இரண்டு வினாடி நிறுத்துங்கள். ரப்பர் மீன் கீழே இறங்கும் அந்த இடைவெளியில்தான் கடி விழும். நரம்பு தொய்ந்து கிடந்தால் அது கையில் தெரியாது, அதனால் நிறுத்தும்போதும் நரம்பு லேசாக விறைப்பாகவே இருக்கட்டும். கட்டை மீனோடு வரும் மெல்லிய மும்முனை முட்களைத் தடித்ததாக மாற்றிவிடுங்கள். நாலு கிலோ மீன் தூணைப் பார்த்து இழுத்தால் மெல்லிய முள் நிமிர்ந்துவிடும்.

சாமானும் முடிச்சும்

7 அடி நடுத்தரக் கன ராடு, 3000 அல்லது 4000 அளவு ரீல், 20 பவுண்டு தாங்கும் பிரெய்டு (இழை பின்னிய) நரம்பு, 40 பவுண்டு லீடர். தூண்களுக்கு இடையே போடுவதானால் லீடர் 50 பவுண்டு. கொடுவாவுக்குச் சீலா போல வெட்டும் பல் இல்லை, வாய்க்குள் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்புதான். ஆனால் செவுள் மூடியின் விளிம்பு கத்தி. தலையை உதறும்போது அது லீடரை அறுக்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், ஒவ்வொரு முறை கல்லில் உரசிய பிறகும், லீடரின் கடைசி ஒரு முழத்தை இரண்டு விரலுக்கு இடையே உருவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் தயங்காமல் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

பெரிய மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லப்படும் இடங்களில் பாதிக்கு மேல் முடிச்சுதான் அவிழ்ந்திருக்கும். நரம்பின் நுனி பன்றிவால் போலச் சுருண்டு வந்தால் முடிச்சு வழுக்கியது என்று பொருள். மொட்டையாக அறுந்து சொரசொரப்பாக இருந்தால் உரசியது. பிரெய்டில் சாதாரண சுற்று முடிச்சு வழுக்கும். சுவிவலுக்குப் பாலோமார் முடிச்சு போடுங்கள், லீடரோடு நேரடியாக இணைக்க இரட்டை யூனி. இறுக்கும் முன் எச்சிலால் நனைத்து மெதுவாக இழுங்கள்; காய்ந்த நரம்பு சூடேறிப் பலம் இழக்கும்.

முள் நுனியை நகத்தின்மேல் சாய்த்து லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கியது, கீறி நின்றால் கூர். கொடுவாவின் வாய் விளிம்பு எலும்பு, மழுங்கிய முள் அதில் ஏறாது. இந்தச் சோதனைக்கு ஐந்து வினாடி போதும், ஆனாலும் இதைச் செய்கிறவர் குறைவு.

ட்ராகை (மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விடும் இறுக்கம்) வீட்டிலேயே கொக்கித் தராசு மாட்டி வையுங்கள். 20 பவுண்டு நரம்புக்கு 2 முதல் 3 கிலோ இழுப்பில் ரீல் விட வேண்டும். கையால் இழுத்துப் பார்த்துக் குத்துமதிப்பாக வைப்பது பெரும்பாலும் ஒன்றரை கிலோகூட இருக்காது. அதற்குள் மீன் தூணைச் சுற்றிவிடும்.

கடித்த பிறகு

சர்க்கிள் முள்ளில் ராடைச் சுண்டி வெட்டி இழுக்கக் கூடாது, அது வாயைவிட்டு வெளியே வந்துவிடும். நரம்பு விறைத்து ராடு வளையும் வரை ரீலைச் சுற்றுங்கள், முள் தானே வாயோரத்தில் ஏறும். லூரில் மட்டும் ஒரு குறுகிய, அழுத்தமான வெட்டு. முதல் பத்து வினாடி மீனைத் தூணிலிருந்து பக்கவாட்டில் இழுப்பதிலேயே இருக்கட்டும். கொடுவா துள்ளும். நரம்பு மேலே ஏறுவது தெரிந்ததும் ராடு நுனியைத் தண்ணீரை ஒட்டித் தாழ்த்திவிடுங்கள், நரம்பைத் தொய்ய விடாதீர்கள்.

சேற்றில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள், திருக்கை விலகிப் போகும். கல்லில் ஒட்டிய சிப்பி வெறுங்காலைக் கிழிக்கும், செருப்புப் போதாது, ஷூ போடுங்கள். மீனைச் செவுளில் கைவிட்டுத் தூக்கினால் விரல் அறும், வலைக்கூடையில் எடுங்கள்.

கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன். 80 செ.மீ.க்கு மேல் போனவை பெரும்பாலும் முட்டையிடும் பெண்கள், 50 செ.மீ.க்குக் குறைந்தவை இன்னும் இனம் பெருக்காத குட்டிகள். இரண்டையும் விட்டுவிடுங்கள், இடைப்பட்டதே குழம்புக்கு நல்லது. விடும்போது கையை நனைத்துக்கொண்டு, ஒரு கை வாலடியில், ஒரு கை வயிற்றடியில் கொடுத்து, ஓட்டத்துக்கு எதிரே முகம் இருக்கும்படி பிடியுங்கள். செவுள் ஒழுங்காகத் திறந்து மூடி, வாலை ஓங்கி உதறும்போது கையை எடுங்கள்.