காற்று வெப்ப சென்சார்: கெட்டது சென்சாரா, வயரா?

இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சார் இது. வண்டியின் எரர் கோடைப் படிக்கும் ஸ்கேனரில் பி0113 என்று வந்ததும் புது சென்சார் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். சிக்னல் வயரில் வோல்டேஜ் அதிகமாக நிற்கிறது என்பதைத்தான் அந்த எரர் கோட் சொல்கிறது. ஏர் ஃபில்டரை மாற்றியவர் கனெக்டரைத் திரும்பச் செருக மறந்திருந்தாலும் இதேதான் வரும். முதலில் அதைப் பாருங்கள்.

சென்சாருக்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, தனக்குள் உள்ள ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் கொடுத்து, சிக்னல் வயரில் நிற்கும் வோல்டேஜை வெப்பநிலையாகப் படிக்கிறது. வயர் அறுந்தால் 5 வோல்ட் அப்படியே நிற்கும், மைனஸ் 40 டிகிரி காட்டும். சிக்னல் வயர் பாடியில் உரசினால் பூஜ்யத்தை ஒட்டி விழும், 130 டிகிரிக்கு மேல் காட்டும், அதற்கு பி0112.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஸ்கேனரில் லைவ் டேட்டாவை (சென்சார்களின் அந்த நேரத்து ரீடிங்குகளை) பாருங்கள். கூலன்ட், உள்ளே வரும் காற்று, வெளிக்காற்று மூன்றும் ஏறக்குறைய 5 டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். சூடான இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து 60 டிகிரி காட்டினால் அது பழுதல்ல. வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கிவிடும்.

அடுத்து கனெக்டரைக் கழற்றுங்கள். மைனஸ் 40 வர வேண்டும். பிறகு கனெக்டரின் இரண்டு பின்களையும் மெல்லிய கம்பியால் இணையுங்கள். தடித்த ஊசியைத் திணித்தால் டெர்மினல் விரிந்து, இல்லாத லூஸ் கனெக்‌ஷன் வந்து சேரும். ரீடிங் உச்சத்துக்குத் தாவினால் வயரும் ஈசியூவும் சரி, கோளாறு சென்சாரிலோ அதன் டெர்மினலிலோதான். தாவாவிட்டால் வயரைத் தேடுங்கள்: சிக்னல் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 5 வோல்ட் இருந்து, இரண்டு பின்களுக்கு இடையே இல்லையென்றால் கிரவுண்ட் வயர் போயிருக்கிறது.

இதில் இரண்டு சிக்கல்கள். சில ஈசியூக்கள் பழுதைக் கண்டதும் தாமாக ஒரு மாற்று வெப்பநிலையைக் காட்டும். அங்கே டிகிரியை நம்பாமல் வோல்டேஜை நம்புங்கள். இன்னொன்று, காற்றளவு சென்சாருக்குள்ளேயே இந்த வெப்ப சென்சாரும் அடங்கியிருந்தால் ஐந்து வயர் இருக்கலாம், அதில் ஒன்றில் 12 வோல்டும் வரலாம். வயரிங் படம் இல்லாமல் அங்கே எதையும் ஷார்ட் செய்யாதீர்கள்.

கழற்றிய சென்சாரில் மல்டிமீட்டரை வையுங்கள். 20 டிகிரியில் பெரும்பாலும் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவு. சரியான எண் அந்த மாடலின் அட்டவணையில் இருக்கும். எண்ணைவிட அது இறங்கும் விதம் முக்கியம். ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்கும்போது 2,400, 2,100, 1,800 என்று வழுக்கிக்கொண்டு வர வேண்டும். நடுவில் ஒரு கணம் மீட்டர் ‘ஓஎல்’ (இணைப்பு அறுந்ததுபோல், அளக்க முடியாத மின்தடை) காட்டி மீண்டால் உள்ளே விரிசல், மாற்ற வேண்டியதுதான்.

ரீடிங் நம்பும்படி இல்லை என்று சொல்லும் பி0111 வந்து, மின்தடை சரியாக இருந்தால், முனையில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா பாருங்கள். படலம் படிந்தால் சென்சார் மந்தமாகும். காற்றளவு சென்சாருக்கான கிளீனரை அடித்துத் தானாக உலர விடுங்கள். கார்புரேட்டர் கிளீனர் பிளாஸ்டிக்கைக் கெடுக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் கோட் விட்டுவிட்டு வந்தால், இன்ஜின் ஓடும்போது கனெக்டருக்குப் பின்னால் ஒரு சாண் வயரை மெல்ல வளைத்துக்கொண்டே லைவ் டேட்டாவைப் பாருங்கள். உறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். அந்த இடத்தை வளைத்ததும் ரீடிங் மைனஸ் 40-க்குக் குதிக்கும்.