மான் வேட்டை: நேரமும் இடமும் சரியாக இருந்தும் காரியம் கெடுவது ஏன்?

உரிமம் பெற்று மான் வேட்டையாட அனுமதியுள்ள நாடுகளில், புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது எந்த நேரம், எந்த இடம் என்பதைத்தான். விடியலும் அந்தியும், காட்டின் ஓரமும் என்ற பதில் சரியானதே. ஆனால் அந்த இடத்துக்கு எந்த வழியாகப் போகிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

வெண்வால் மான்கள் இரவில் வயல் ஓரங்களில் மேய்ந்துவிட்டு, விடியும் வேளையில் அடர்ந்த புதர்களுக்குள் படுத்து அசைபோடத் திரும்பும். இருட்டோடு இருட்டாக வயலின் குறுக்கே நடந்து பரணுக்குப் போகிறவர், மேய்கிற மந்தையை அங்கேயே கலைத்துவிடுகிறார். பிறகு காலை முழுவதும் காத்திருந்து என்ன பயன்? தூரம் கூடினாலும் வயலைச் சுற்றிப் போய், அவை திரும்பும் தடத்தருகே காத்திருங்கள். மாலையில் கணக்கு தலைகீழ். அப்போது மேய்ச்சல் ஓரமே நல்லது. படுத்திருக்கும் புதரை நெருங்கவே கூடாது.

காற்றை ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துவிடுவதுதான் என் கணிப்பில் மிகப் பெரிய தவறு. மானின் பக்கமிருந்து உங்கள் முகத்தில் காற்று வீச வேண்டும். மனித வாடை எட்டிவிட்டால் எந்த உடையும் எந்த மறைப்பும் காப்பாற்றாது. மலைச்சரிவில் இன்னொரு சிக்கல் உண்டு. வெயில் ஏறியதும் சூடான காற்று மேலே எழும். அந்தி சாய்ந்து குளிர்ந்ததும் கீழே இறங்கும். காலையில் பொருந்திய பரண் மாலையில் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நிறையக் குளம்படியும் புழுக்கையும் கண்டதும் அங்கேயே பரண் கட்டுவதும் அவசரம். மான் வந்தது என்பதற்கு அவை சாட்சி. பகலில் வந்ததா என்பதற்கு அல்ல. தானியங்கிக் கேமராவில் பதிவானவை எல்லாம் நள்ளிரவுப் படங்கள் என்றால், புதர்ப் பக்கமாகச் சற்றுத் தள்ளி இடம் தேடுங்கள். நல்ல இடம் கிடைத்துவிட்டதென்று தினமும் அதே பரணில் ஏறினாலும் மான்கள் விரைவில் தடத்தை மாற்றிக்கொள்ளும்.

இணைசேரும் பருவத்தில் மட்டும் விதி மாறுகிறது. பெண் மானைத் தேடி ஆண் மான்கள் நடுப்பகலிலும் அலையும். காலை பத்து மணிக்கு இறங்கிவிடுவது அப்போது தவறு. குளிர் வந்தால்தான் பருவம் தொடங்கும் என்று காத்திருப்பதும் வீண். பகல் பொழுது குறுகுவதே அதைத் தூண்டுகிறது. வட அமெரிக்காவின் வடபகுதிகளில் நவம்பரின் நடுப்பகுதியை ஒட்டி அது உச்சம் பெறும்.

கடைசி வெளிச்சத்தில் ஆசைப்பட்டுச் சுடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். எந்த நேரம் வரை சுடலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும். உள்ளூர் விதியை முன்பே படியுங்கள். நேரம் மீதமிருந்தாலும், மானின் உடல் தெளிவாகத் தெரியவில்லை என்றாலோ, அதன் பின்னால் குண்டைத் தாங்கும் மண்மேடு இல்லை என்றாலோ, துப்பாக்கியை இறக்கிவிடுங்கள். அந்த மானை மறுநாளும் தேடிக்கொள்ளலாம்.