கீழ்ப்பிரிவுக் கால்பந்து அணியின் சிறுவர்களை எடைபோடுவது எப்படி?

வடசென்னை வியாசர்பாடியின் முல்லை நகர் மைதானத்தில் மாலையில் நிற்பவர் கண்ணில் முதலில் படுவது, நான்கு பேரைக் கடந்து பந்தைக் கொண்டுசெல்லும் சிறுவன்தான். ஆனால் மதிப்பீட்டை அவனிடமிருந்து தொடங்கக் கூடாது. முதலில் அணிப் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிறந்த மாதம், ஆடும் இடம், பழக்கமான கால் ஆகியவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்படும்போது, ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவன் என்பதால், 13 வயதில் அவனுடைய உடல்வலு திறமையைப் போலத் தோன்றிவிடும். (நானும் இதில் ஏமாந்ததுண்டு.)

பிறகு ஒருவனை மட்டும், பந்து அவனிடம் இல்லாத வேளையில், பத்து நிமிடம் தொடர்ந்து கவனியுங்கள். பந்து வருமுன் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்கிறானா, பந்தைப் பறிகொடுத்தபின் இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, உடனே திரும்பி ஓடுகிறானா என்பவை கோல் கணக்கைவிட அதிகம் சொல்லும். குறுகிய சந்தில் ஆடிப் பழகியவனுக்குப் பந்துக் கட்டுப்பாடு பெரும்பாலும் கைவந்திருக்கும். அவனைப் பெரிய திடலில் நீண்ட பாஸ் கொடுக்கவைத்துப் பார்ப்பதே சரியான சோதனை. கோல்கீப்பர்களை அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். அவர்கள் தாமதமாகவே முதிர்வார்கள்.

காயங்களையும் விசாரியுங்கள். வியாசர்பாடியில் வளர்ந்து, 2017-18 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பட்டத்தை வென்ற ‘சென்னையின் எஃப்.சி.’ அணியில் ஆடிய தனபால் கணேஷுக்கு, அடுத்த பருவத்தில் முழங்கால் காயம் குறுக்கிட்டது. ஆகவே எவ்வளவு தேர்ந்தவன் இருந்தாலும், அந்த இடத்துக்கு இன்னொருவனையும் பட்டியலில் வைத்திருங்கள்.