நிரல் அனுப்பும் மெயில்: கையெழுத்து எங்கே கெடுகிறது?

புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு விடுதியின் மென்பொருள், பிரான்சில் இருக்கும் விருந்தினருக்கு முன்பதிவு உறுதியை அனுப்புகிறது. கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக் கணினி மாதக் கடைசியில் சம்பளச் சீட்டுகளை அனுப்புகிறது. இரண்டு நிரலும் பிழை ஏதும் காட்டாமல் வேலையை முடித்துவிடும். மெயிலோ ஸ்பேமில் கிடக்கும், இல்லையென்றால் டிஜிட்டல் கையெழுத்து செல்லாது என்ற எச்சரிக்கையோடு போய்ச் சேரும்.

இங்கே மூன்று அத்தாட்சிகள் தனித்தனியாக இருக்கின்றன. அனுப்பும் சர்வரில் நுழையப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும். மெயில் இந்த டொமைனிலிருந்துதான் (முகவரியில் @ குறிக்குப் பிறகு வரும் பெயர்) வந்தது என்று காட்ட டிகேஐஎம் என்ற கையெழுத்து. இன்னார்தான் எழுதினார் என்று காட்ட எஸ்/மைம் என்ற கையெழுத்து. லாகின் ஆகிவிட்டதால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடும் என்று நம்புவதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

நுழைவில் நடக்கும் தவறுகள் எளியவை. சர்வரின் 465 போர்ட்டில் (இணைப்பு வாசல் எண்) இணைப்பு முதல் நொடியிலிருந்தே டிஎல்எஸ், அதாவது மறையாக்கம். 587-ல் சாதாரணமாகத் தொடங்கி, ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளைக்குப் பிறகுதான் மறையாக்கம். பைத்தான் நிரல்மொழியில் 465-க்குச் சாதா எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை) வகுப்பைப் போட்டால் நிரல் பதில் வராமல் தொங்கும். 587-க்கு மறையாக்கத்தோடே தொடங்கும் எஸ்எஸ்எல் வகுப்பைப் போட்டால் ‘ராங் வெர்ஷன் நம்பர்’ என்று விழும். ஸ்டார்ட்டிஎல்எஸ் அழைப்பில் எஸ்எஸ்எல் கான்டெக்ஸ்ட் (சரிபார்ப்பு அமைப்புகள்) கொடுக்காமல் விட்டால் சர்வரின் சான்றிதழைப் பைத்தான் சரிபார்க்காது. மெயில் போகும், ஆனால் யாரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்தோம் என்பது தெரியாது.

தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லோடு நிரல் நுழையும் வழியைக் கூகுள் 2022 மே 30 முதல் அடைத்துவிட்டது. இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, நிரலுக்கென 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். கணக்கின் கடவுச்சொல்லை யாராவது மாற்றினால் ஆப் பாஸ்வேர்டும் செத்துவிடும். நன்றாக ஓடிய நிரல் திடீரென 535 பிழை (நுழைவு மறுப்பு) காட்டினால் முதலில் அதைப் பாருங்கள். இன்னொன்று, நம் கடலோரத்துக்கே பழக்கமானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய் வரும்போது, மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கணினி பழைய தேதியோடு எழுந்திருக்கும். அந்தத் தேதியில் சர்வரின் சான்றிதழ் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’. நேரம் இணையத்திலிருந்து ஒத்திசைந்த பிறகே நிரல் கிளம்பும்படி வையுங்கள்.

இனி டிகேஐஎம். சொந்த சர்வரிலிருந்து அனுப்பினால் மட்டுமே நிரல் கையெழுத்திட வேண்டியிருக்கும். கூகுள் வொர்க்ஸ்பேஸ் போன்ற சேவை வழியாகப் போனால் அந்த வேலையை அதனிடமே விடுவது நல்லது. ஆனால் அட்மின் பக்கத்தில் உங்கள் டொமைனுக்கு டிகேஐஎம்மை நீங்களே இயக்க வேண்டும். இயக்காதவரை கையெழுத்து கூகுளின் ஒரு டொமைன் பெயரில் விழும், உங்கள் பெயரில் அல்ல.

நிரலே கையெழுத்திடும்போது அடிப்படை விதி ஒன்றுதான்: கையெழுத்துக்குப் பிறகு ஒரு பைட்டைக்கூடத் தொடாதீர்கள். மீறுவது பெரும்பாலும் நீங்கள் அல்ல, நீங்கள் அழைக்கும் நூலகம். பைத்தானின் சென்ட்_மெசேஜ், மெயிலை மறுபடி பைட்டுகளாக்கும்போது தலைப்பு வரிகளை (அனுப்புநர், தேதி, சப்ஜெக்ட் போன்ற ஹெடர்கள்) வேறு இடத்தில் மடிக்கக்கூடும். தமிழ் சப்ஜெக்ட் வரியில் இது இன்னும் எளிதாக நடக்கும். குறியீடாக்கிய ஒரு துண்டு 75 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்பது மெயில் விதி. தமிழில் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் யூடிஎஃப்-8-ல் 3 பைட், ‘கடலூர்’ மட்டும் 6 குறி, 18 பைட். பேஸ்64-ல் (பைட்டுகளைச் சாதா ஆங்கில எழுத்துகளாக்கும் முறை) ஒரு துண்டுக்குள் 15 குறிகளுக்கு மேல் அடங்காது. ‘உங்கள் அக்டோபர் மாதச் சம்பளச் சீட்டு’ என்ற சப்ஜெக்டே பல துண்டுகளாகிவிடும். அடுத்த முறை துண்டு வேறு இடத்தில் வெட்டுப்பட்டால் கையெழுத்து போச்சு.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். தேதி, மெசேஜ்-ஐடி இரண்டையும் முதலில் சேர்த்துவிடுங்கள். பைத்தானின் இமெயில்மெசேஜ் அவற்றைத் தானாகப் போடாது. உடல் பகுதியை பேஸ்64 ஆக்குங்கள். தமிழை அப்படியே 8 பிட்டாக விட்டால் வழியில் ஏதோ ஒரு சர்வர் அதை மாற்றியெழுதலாம். பிறகு எஸ்எம்டிபி பாலிசியோடு பைட்டுகளாக்குங்கள். அப்போதுதான் ஒவ்வொரு வரியும் சிஆர்எல்எஃப்-ல் (மெயில் விதிப்படியான வரிமுடிவுக் குறி) முடியும். அந்த பைட்டுகளுக்குக் கையெழுத்திட்டு, கிடைத்த டிகேஐஎம் தலைப்பு வரியை முன்னால் ஒட்டி, சென்ட்மெயில் செயற்கூறுக்கு பைட்டாகவே கொடுங்கள். கேனானிகலைசேஷன் (கையெழுத்துக்கு முன் மெயிலைச் சீராக்கும் விதி) தலைப்பு, உடல் இரு பக்கமும் ‘ரிலாக்ஸ்ட்’ இருக்கட்டும். இடைவெளி மாற்றங்களைப் பொறுத்துக்கொள்ளும், உள்ளடக்கம் மாறினால் பொறுக்காது. அலுவலகக் கேட்வே ஒன்று கடைசியில் ‘வைரஸ் சோதிக்கப்பட்டது’ என்று ஒரு வரி சேர்த்தாலும் உடலின் ஹாஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற மதிப்பு) மாறிவிடும்.

டிகேஐஎம் கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் பொதுச்சாவியை டிஎன்எஸ்ஸில் (டொமைன் விவரங்களின் பொதுப் பதிவேடு) வெளியிடும்போது, 2048 பிட் சாவி ஒரே சரமாக நுழையாது. அங்குள்ள டிஎக்ஸ்டி என்ற எழுத்துப் பதிவில் ஒரு சரம் 255 எழுத்துதான், அதனால் மேற்கோள் குறிகளுக்குள் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். சில டொமைன் விற்பனையாளர்களின் பக்கம் அதைத் தானே செய்யும், சிலது சத்தமில்லாமல் மீதியை வெட்டிவிடும்.

எஸ்/மைமுக்கு வருவோம். ஆடிட்டர் அலுவலகங்களில் உள்ள குழப்பம் இங்கேதான். டிஎஸ்சி டோக்கனால் (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் உள்ள யுஎஸ்பி கருவி) பிடிஎஃப்பில் கையெழுத்திட்டால் அந்த ஆவணத்துக்குத்தான் கையெழுத்து. அதைச் சுமந்து போகும் மெயிலுக்கு அல்ல. மெயிலில் கையெழுத்திடும் சான்றிதழில் மின்னஞ்சல் பாதுகாப்புக்கான பயன்பாடு குறிக்கப்பட்டிருக்க வேண்டும், அதிலுள்ள முகவரியும் அனுப்புநர் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். டோக்கனுக்குள் இருக்கும் தனிச்சாவியை வெளியே எடுக்க முடியாது. எனவே கிளவுட் சர்வரில் ஓடும் நிரலுக்கு மேசை மேல் இருக்கும் டோக்கன் எட்டாது. உள்ளூர்க் கணினியில் ஓட்டினாலும் ஒரு ஆபத்து உண்டு: அமைப்புக் கோப்பில் டோக்கனின் பின் நம்பர் தவறாக இருந்து, நிரல் தோல்விக்குத் தோல்வி திரும்ப முயன்றால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். பின் நம்பர் பிழைக்கு மறுமுயற்சி வைக்கவே கூடாது.

ஓபன்எஸ்எஸ்எல் என்ற கருவி கொண்டு கையெழுத்திடும்போது இடைநிலைச் சான்றிதழ்களையும் (உங்கள் சான்றிதழை வேர்ச் சான்றிதழோடு இணைப்பவை) சேர்த்துக் கொடுங்கள், இல்லையேல் பெறுபவரின் அவுட்லுக் வேர்ச் சான்றிதழ் வரை எட்ட முடியாமல் நம்ப மறுக்கும். எஸ்/மைம் முதலில், டிகேஐஎம் அதன் மேல்.

எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) பற்றிச் சுருக்கமாக: டொமைனுக்கு ஒரே பதிவு. புதிய சேவைக்காக இரண்டாவது பதிவு சேர்த்தால் இரண்டுமே செல்லாது. டிஎன்எஸ் தேடல் 10-க்குள் இருக்க வேண்டும். எஸ்பிஎஃப் பார்ப்பது உறையின் அனுப்புநரை, அதாவது சர்வர்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் முகவரியை. அதன் டொமைனோ டிகேஐஎம் டொமைனோ திரையில் தெரியும் அனுப்புநர் முகவரியின் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது டிமார்க் என்ற விதி. விடுதியின் தொடர்புப் படிவத்தில் வாடிக்கையாளரின் ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போடுவது அங்கேதான் அடிபடும். அனுப்புநர் உங்கள் முகவரி, ரிப்ளை-டூவில் அவருடையது.

சோதனைக்கு உங்கள் டொமைனுக்கே அனுப்பிப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளூர் மெயிலைப் பல சர்வர்கள் சோதிப்பதே இல்லை. ஒரு ஜிமெயிலுக்கு அனுப்பி, ‘ஷோ ஒரிஜினல்’ திறந்து, எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் பாஸ் வந்ததா, டிகேஐஎம் வரியில் உங்கள் டொமைன் பெயர்தான் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் சப்ஜெக்டோடு ஒன்று, இணைப்புக் கோப்போடு ஒன்று எனத் தனித்தனியாக அனுப்புங்கள். ‘டெஸ்ட்’ என்ற ஒற்றைச் சொல் மெயில் எல்லாவற்றிலும் பாஸ் ஆகும், சம்பளச் சீட்டு ஆகாது.