பழைய ஸ்பெக் மியாட்டா பந்தயக் கார் வாங்குவது எப்படி?

அமெரிக்காவில் அமெச்சூர் பந்தயத்தில் இறங்க விரும்புபவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் பெயர் ஸ்பெக் மியாட்டா. மாஸ்டாவின் மியாட்டா என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரை எல்லோரும் ஒரே விதிப்படி மாற்றி ஓட்டும் பந்தயம் அது. ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா (எஸ்சிசிஏ), நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன் ஆகிய அமைப்புகள் இரண்டுமே நடத்தும் வகுப்பு இது. உதிரிபாகங்கள் எளிதில் கிடைக்கும்.

சாலையில் ஓடும் மியாட்டாவை வாங்கிப் பந்தயத்துக்கு மாற்றும் ஆசையை விட்டுவிடுங்கள். ரோல் கேஜ் (கார் உருண்டாலும் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு), சீட், சஸ்பென்ஷன் என்று செலவு காரின் விலையையே தாண்டிவிடும். வேறொருவர் கட்டி, ஓட்டி, விற்கிற காரைத் தேடுங்கள்.

முதலில் லாக் புக்

லாக் புக் என்பது பந்தயக் காரின் பதிவேடு. பரிசோதகர்களின் கையெழுத்தும் விபத்துக் குறிப்புகளும் இதில் இருக்கும். இதிலுள்ள எண்ணும் காரின் சேஸிஸ் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பல கார்களுக்குச் சாலைப் பதிவு இருக்காது, விற்பனைச் சீட்டு மட்டும்தான் கிடைக்கும். ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப முடியாது என்பதால் ட்ரெய்லர் ஏற்பாட்டுடன் போங்கள்.

அடுத்து கேஜ்

குழாய்கள் சேரும் இடங்களில் வெல்டிங் முழுச் சுற்றும் ஓடியிருக்க வேண்டும். கருவி எளிதில் நுழையாத இடுக்குகளில்தான் அரைகுறையாக விட்டிருப்பார்கள். கைக்கண்ணாடியையும் டார்ச்சையும் உள்ளே நீட்டிப் பாருங்கள். பெயின்ட் பளபளப்பை நம்ப வேண்டாம்.

கிராங்க்: அவசரப்படக் கூடாத இடம்

1990 முதல் 1993 வரையிலான மியாட்டாக்களில் 1.6 லிட்டர் எஞ்சின். அவற்றில் 1990, 1991 தொடக்கக் காலக் கார்களில் கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் எஞ்சினின் முக்கியத் தண்டு) முன் முனை குட்டையானது. அந்த முனையில் புல்லியைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்தால், புல்லி நழுவாமல் பிடிக்கும் சாவி அமரும் பள்ளம் தேய்கிறது, புல்லி ஆடுகிறது, டைமிங் பிசகுகிறது, சக்தி குறைகிறது. விற்பவரே அறியாமல் இருக்கலாம்.

கண்டுபிடிப்பது எளிது. எஞ்சினின் முன்பக்கம் டார்ச் அடித்து, புல்லியில் கிராங்க் போல்ட்டைச் சுற்றியுள்ள வெட்டுகளை எண்ணுங்கள். நான்கு என்றால் குட்டை முனை, எட்டு என்றால் நீள முனை. நான்கு இருந்தால் எஞ்சினை ஓடவிட்டு, அந்த போல்ட்டின் தலையையே பார்த்துக்கொண்டிருங்கள். அது மையத்தை விட்டுத் தள்ளாடினால் மலிவு விலையிலும் வாங்காதீர்கள். தள்ளாடாத குட்டை முனைக் காரை, விலை குறைத்துக் கேட்டு வாங்கலாம். என்னைக் கேட்டால், முதல் காருக்கு எட்டு வெட்டுக் காரே நிம்மதி.

மற்றவை

முன் சக்கரங்களைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஹப் பேரிங் (சக்கரம் சுழல உதவும் பேரிங்) தேய்ந்திருக்கலாம்; இந்தக் காரின் பலவீனம் அது. அதை அடிக்கடி மாற்றுவதாகச் சொல்லும் உரிமையாளரை நம்பலாம். எஞ்சினைச் சோதிக்க, கம்ப்ரஷன் அழுத்தமானியைவிட, சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திக் கசிவை அளக்கும் லீக்-டவுன் கருவியே எனக்குப் பிடிக்கும். காற்று எக்ஸாஸ்ட் வழியாகக் கசிந்தால் வால்வு, ஆயில் ஊற்றும் வாய் வழியாக வந்தால் பிஸ்டன் ரிங் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். எஃப்ஐஏ (சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) தரச் சான்று பெற்ற சீட் பெல்ட்டின் லேபிளில் கடைசி ஆண்டு அச்சாகியிருக்கும். அது முடிந்திருந்தால் புது பெல்ட்டின் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: உயரமான வாசகர் ஒருவர், வாங்கிய காரில் ஹெல்மெட் கேஜில் இடிப்பதாக எழுதியிருந்தார். இதை நான் முதலிலேயே சேர்த்திருக்க வேண்டும். பணம் கொடுக்குமுன் ஹெல்மெட் அணிந்து, பெல்ட்டை இறுக்கி உட்காருங்கள். கேஜின் பின் வளைவு உச்சியிலிருந்து முன்கண்ணாடிக்கு மேலுள்ள குழாய் வரை ஒரு நேரான கம்பை வைக்கச் சொல்லுங்கள். ஹெல்மெட் அந்தக் கம்பைத் தொடக் கூடாது. தொட்டால் சீட்டை எவ்வளவு இறக்க முடியும் என்று அங்கேயே அளந்துகொள்ளுங்கள்.